சூடேறிய லேப்டாப்பும் நான் வாங்கிய பெயரும்

என்னை யாராவது ஸ்லோ என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் சரிதான். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அது கெட்ட வார்த்தை வரிசையில் சேர்ந்துவிட்டது.

நான் வேலை பார்த்தது ஒரு சின்னக் கம்பெனி. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெரிய தொழிற்சாலைகளில் உதிரி பாகங்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டங்கள் செய்து கொடுப்போம். முதலாளி ஒரு காலத்தில் லேத் ஓட்டியவர். கூலிக்கு ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு லேத் வாங்கி, அதை வைத்தே ஷெட் போட்டவர். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கே டிசைன் பார்த்தேன். கம்ப்யூட்டரில் நான் முப்பரிமாணமாக வரைந்து கொடுத்தால் ஷெட்டில் அதைப் பார்த்து வெட்டுவார்கள். ஓர் ஓரமாகக் கண்ணாடித் தடுப்பு வைத்த அறை, மேஜை, சுழல் நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். அங்கேயே தங்கி, வாரம் ஒருமுறை திருவாலங்காட்டுக்கு வீட்டுக்கு வருவார். அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்தே இருந்தவர்கள். வேலைக்குப் போன இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அம்மா ராத்திரி ஜெபத்தில் எல்லோருடைய உடம்புக்கும் சுகம் கேட்டுவிட்டுக் கடைசியில் என் சீட்டுக்காகவும் ஒரு வார்த்தை கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஆமென் சொல்லாமல் விட்டதில்லை.

அது தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட் ஆகிக்கொண்டிருந்த காலம். வரைந்துகொண்டிருக்கும்போதே பழைய கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். பாதி வேலை போய்விடும். முதலாளி ஒரு நாள் லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவருடைய மகனுடையது. பையன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். கேம் ஆடுவதற்கென்றே செய்த லேப்டாப் அது. தடிமனாக, கறுப்பாக, மூடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு, பின்பக்கம் இரண்டு சல்லடை வாயோடு இருந்தது. பையன் அதில் ராப்பகலாக விளையாடி அரியர் மேல் அரியர் வைத்ததில், அப்பா பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பையனுக்கு என்மேல் கோபம். அவன் கோபத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

வந்த புதிதில் அந்த மிஷின் பறந்தது. பெரிய படத்தைக்கூட விரலால் பம்பரம் விடுவதுபோலத் திருப்பலாம். நான் சந்தோஷமாக இருந்தேன், முதலாளியும் சந்தோஷமாக இருந்தார். பிறகு ஆயுத பூஜை வந்தது, ஷெட்டைக் கழுவி, மிஷின்களைத் துடைத்து, பொரி கடலை தின்று, இரண்டு நாள் லீவும் முடிந்து திரும்பி வந்தோம். அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

காலையில் நன்றாக ஓடும். பெரிய படம் ஒன்றைத் திறந்து கொஞ்ச நேரம் வேலை செய்ததும் மெல்ல இழுக்கும். அம்புக்குறி நான் நகர்த்திய இடத்துக்கு யோசித்து யோசித்துப் போகும். ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேவ் கொடுத்தால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அப்போது பார்த்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. அதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர், பெரிய படம். அதைத் திறந்தாலே லேப்டாப் படுத்துவிடும்.

முதலாளி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்ப்பார். "இன்னாம்மா, காலைலேர்ந்து ஒரே பிளேட்ட வரைஞ்சிக்கினு கீற?"

"மிஷின் ஸ்லோவா இருக்கு சார்."

"ராக்கெட்டு மாரி ஓடிக்கினு இருந்த மிஷின்மா இது. எம் பையன் கையில பாத்திருக்கேன்."

இதில் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது ஒன்று உண்டு. சரி, வந்து காட்டு என்று அவர் என் பின்னால் வந்து நிற்பது எப்போதும் மதியம் சாப்பாடு முடிந்துதான். நான் மிஷினை அணைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்திருப்பேன். அந்த நேரத்தில் அது ஜம்மென்று ஓடும். படத்தைத் திருப்புவேன், திரும்பும். பெரிதாக்குவேன், பெரிதாகும். அவர் பார்த்துவிட்டு, "நல்லாதான ஓடுது, நீதான் ஸ்லோ" என்பார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் நொண்டும். ஆள் நிற்கும்போது ஓடி, ஆள் போனதும் படுத்துக்கொள்ளும் ஒரு சனியனோடு என்னைக் கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. அவர் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் நின்றால் நான் வேலை செய்கிறேன், அவர் போனால் தூங்குகிறேன்.

திருவள்ளூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஒருவர் வந்து பார்த்தார். வைரஸ் என்றார். ஃபார்மட் அடித்தார். எல்லா சாஃப்ட்வேரையும் நான் திரும்ப ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. மெமரி பற்றாது என்று கூடுதலாக ஒன்று போட்டார். அதற்கும் மசியவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "ஹார்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஹார்ட்வேரில் ஒன்றும் இல்லை, சாஃப்ட்வேரிலும் ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? அந்த அறையில் இன்னொரு பொருள் நான்தான்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் ஷெட்டுக்கு வந்தான். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னிடம் பேசாமல் அவன் அப்பாவிடம் சொன்னான். "மிஷின் பக்காப்பா. யூஸ் பண்றவங்கதான் ஸ்லோ."

முதலாளி சிரித்தார். பெரிதாகக்கூட இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இந்த கும்மிடிப்பூண்டி படம் இன்னும் தள்ளிப்போச்சுன்னா சரியா வராதும்மா. பையனுக்கு பத்து நாள்ல லீவு வுடுது, அவன் இங்க உக்காரட்டும். நீ டெஸ்பாட்ச்சு டேபிளப் பாத்துக்க. லேபில் எழுதறது, பார்சல் கணக்கு, அதுலாம் உனுக்கு சுளுவா இருக்கும்."

டெஸ்பாட்ச் மேஜை ஷெட்டின் வாசலில் இருந்தது. அங்கே நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் எழுத வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்கிற மாதிரி ஆத்திரம் வந்தது.

அன்று சாயங்காலம் ரயிலைப் பிடிக்காமல் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கேம் ஆடுகிறவர்கள் எழுதுகிற பக்கங்களைத் தேடிப் படித்தேன். எந்த நாட்டுக்காரர்களோ, என்னைப் போலவே புலம்பிக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது, ஆற விட்டால் மறுபடி ஓடுகிறது. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், த்ராட்லிங் என்று. மூளையாக இருக்கும் பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, தான் எரிந்துபோகாமல் இருக்க, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். சூட்டையும் வேகத்தையும் எண்ணில் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அந்த வார்த்தையைத் தேடினேன். த்ராட்டில் என்றால் எனக்கு வண்டியில் முறுக்குகிற கைப்பிடிதான் தெரியும். அகராதியில் அதற்கு முன்னால் வேறொன்று போட்டிருந்தது: குரல்வளையை நெரித்தல்.

திங்கட்கிழமை அந்தப் புரோகிராமைத் திரையின் மூலையில் ஓட விட்டு வேலையைத் தொடங்கினேன். வெளியே மழை. ஷெட்டில் எல்லோரும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறைத் தாண்டியது. தாண்டின அந்த நொடியில், பக்கத்தில் வேகத்தைக் காட்டிய எண் பாதிக்கும் கீழே விழுந்தது. அம்புக்குறி நின்று நின்று நகர்ந்தது. என் கண்ணெதிரில் நடந்தது. நான் ஸ்லோ இல்லை என்று எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டது அந்தப் பாழாய்ப்போன மிஷின்.

அப்படியென்றால் சூடு ஏன் வெளியே போகவில்லை? லேப்டாப்பின் பின்பக்கத்துச் சல்லடைகள் வழியாகத்தான் விசிறி சூட்டைத் தள்ள வேண்டும். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. கையைப் பின்னால் விட்டுப் பார்த்தேன். விசிறி உள்ளே கத்திக்கொண்டிருக்கிறது, கையில் காற்றே படவில்லை. லேப்டாப்பைத் திருப்பினேன்.

சந்தனம்.

இரண்டு சல்லடைகளிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜை அன்று முதலாளி வைத்தது. லேப்டாப்பை மூடி வைத்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது லாரியின் முகம் போலவே இருக்கும். இரண்டு பக்கமும் சல்லடை, நடுவில் கம்பெனி முத்திரை. லாரிக்கு முன்னால் எப்படிப் பட்டை போடுவார்களோ அப்படியே போட்டிருக்கிறார். லாரியின் சல்லடையில் என் விரல் நுழையும். இதில் குண்டூசிதான் நுழையும். சந்தனம் ஓட்டைகளுக்குள் இறங்கிக் காய்ந்து, அதன்மேல் கிரைண்டிங் தூசி படிந்து, சிமென்ட் பூசின மாதிரி ஆகியிருந்தது.

அதை நான் முன்பே பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். மிஷினை நகர்த்தித் துடைக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. எல்லோர் கண்ணிலும் பட்டது. சாமிக்கு வைத்த பொட்டு, தானாக உதிரும்வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். அதிலும் நான் வேதக்காரி. பூஜை அன்று பிரசாதத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள். அதில் பட்டுவிடாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தவள் நான். எனக்கே நான் போட்டுக்கொண்ட சட்டம் அது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் ஒர்க் டேபிளில் கவிழ்த்து வைத்தேன். நனைத்த துணியால் ஒற்றி, ஊறவிட்டு, குண்டூசியால் ஒவ்வோர் ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். அடிமூடியைக் கழற்றினேன். விசிறி சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, கம்ப்ரஸர் காற்றைத் தூரத்திலிருந்து விட்டு விட்டு அடித்தேன். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் பறந்தது. ஒளித்து எதையும் செய்யவில்லை.

கணக்கு எழுதுகிற அக்கா கை கழுவ வந்தவர் நின்றார். மேஜையில் கிடந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாமி பொட்டல்லாம் அழிச்சிக்கினு கீறியே, இன்னாடி இது?" என்றார். நான் பதில் சொல்லுவதற்குள் உள்ளே போய்விட்டார். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி வந்தபோது நான் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை பாதியில் நின்றது.

"யார கேட்டு அழிச்ச?"

"காத்து போற வழி அடைச்சிருந்தது சார். அதனாலதான் மிஷின் சூடாயி ஸ்லோ ஆவுது."

"சாமிக்கு வெச்சதால மிஷின் கெட்டுப்பூடுச்சின்றியா?"

"சாமியால இல்ல சார். வெச்ச எடத்தால."

அவர் முகம் கறுத்தது. "கூலிக்கு லேத் ஓட்டுன காலத்துலேர்ந்து வெக்கிறேன். எந்த மிஷினும் நின்னதில்ல. உங்க ஆளுங்களுக்கு இதுலாம் இன்னா தெரியும்?"

உங்க ஆளுங்க. அதுவரை எனக்குள் கொதித்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் பொங்கிவிட்டது. "எந்த ஆளுங்க சார்?" என்று கேட்டேன். குரல் சத்தமாகவே வந்தது. "சர்ச்சுக்குப் போற ஆளுங்களா, காலனி ஆளுங்களா, பொம்பள ஆளுங்களா? எதுன்னு சொல்லிடுங்க சார்."

வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் நிஜமாகவே நினைத்தேன். அந்த நினைப்பிலேயே கை நீட்டி அவருடைய பழைய லேத்தைக் காட்டினேன். அதன் தலைப்பாகத்தில் பூஜைச் சந்தனம் இன்னும் காய்ந்த வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கருவி வழுக்கி ஓடுகிற நீளமான தண்டவாளம் எண்ணெய்ப் பளபளப்போடு சுத்தமாக இருந்தது.

"அந்த ஸ்லைடு மேல ஏன் சார் சந்தனம் வெக்கல?"

அவர் லேத்தைப் பார்த்தார். ஸ்லைடில் ஒரு பொடி தூசு விழுந்தால்கூட வெல்டரைத் திட்டுகிறவர் அவர். பூஜை அன்று மற்றவர்கள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுக்காததற்குக் காரணமே, கண்ட இடத்தில் தடவி லேத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்பதுதான். அப்புறம், "ஓட்டிக் காட்டு" என்றார்.

லேப்டாப்பை அறைக்குக் கொண்டுபோய்க் கும்மிடிப்பூண்டி படத்தைத் திறந்தேன். அவரை உட்காரச் சொல்லவில்லை, அங்கே இருந்தது ஒரே நாற்காலி, அதில் நான் உட்கார்ந்திருந்தேன். மூலையில் எண் ஏறியது. எழுபதைத் தொட்டது, அதன் பக்கத்திலேயே நின்றது. வேகம் இறங்கவில்லை. பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சூடான காற்று அவர் உள்ளங்கையில் அடித்தது. இந்த முறை அவர் ஒரு பார்வை பார்த்த கையோடு போகவில்லை. டீ வரும்வரை நின்றார். அது ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஸ்லோ என்று ஊரைக் கூட்டிச் சொன்ன வாய்க்கு, இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

படம் முடிந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலாளி கூச்சமே இல்லாமல், "மிஷின்ல ஒரு சின்ன கோளாறு சார், நாங்களே கண்டுபுட்சி சரி பண்ட்டோம்" என்றார். தப்பு நடந்தபோது நான் மட்டும். சரியானபோது நாங்கள். அந்த நாங்களுக்குள் அவர் இருந்தார், அவர் பையனும் இருந்திருப்பான். நான் இருந்தேனா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். மறுத்துப் பேச வாய் துறுதுறுத்தது. வந்தவருக்கு டீ எடுத்து வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

டெஸ்பாட்ச் மேஜைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. பையன் லீவுக்கு வந்தான், லேப்டாப் பக்கம் வரவில்லை. கணக்கு அக்கா சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு தானாகப் பேசினார். நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலையை முடிப்பேன், ரயிலைப் பிடிப்பேன். மன்னிப்பு என்ற ஒன்று வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ, ஒவ்வொரு நாளும் அது வராததற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. மிஷின்களைக் கழுவினார்கள். வாழைக்கன்று கட்டினார்கள். முதலாளி வேட்டியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லேத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தார். டிரில்லிங், கம்ப்ரஸர், வெல்டிங் செட், தராசு. நான் வழக்கம்போல ஓரமாக இல்லாமல், என் அறையில் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றுதான். லேப்டாப்பை மூடி வைத்திருந்தேன், பின்பக்கம் அவர் வருகிற பக்கம் பார்த்தாற்போல.

உள்ளே வந்தார். விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். விரல் லேப்டாப்புக்கு மேலே வந்து அப்படியே நின்றது. ஷெட்டில் எல்லோரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா வெக்கட்டும்?"

அந்த மழைக்காலம் முழுக்க என்னிடமிருந்து தெரிந்துகொள்வதற்கென்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மிஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கலாம், எப்போது நிற்கிறது என்று கேட்டிருக்கலாம், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டிருக்கலாம். இவ்வளவு மெதுவாக வந்து சேர்ந்த அந்த முதல் கேள்விக்கு நான் எழுந்திருக்காமலே மூடியின் மூலையைக் காட்டினேன். கோபம் தணியவில்லை. அவர் அங்கே ஒரு சின்னப் பொட்டு வைத்தார்.